லண்டன் சமையலறையில் பெல்ஜியன் பிளாண்ட் பீர்: முதல்முறை காய்ச்சுபவர்களுக்கு

வீட்டில் பீர் காய்ச்சத் தகவல் தேடினால் பஞ்சமே இல்லை. ஆனால் அதில் பாதி அமெரிக்கக் கேலன் கணக்கில் இருக்கும்; மீதி, பல வருடம் காய்ச்சிப் பழகியவர்களுக்காக எழுதியதாக இருக்கும். லண்டன் குழாய்த் தண்ணீரில், சாதாரண கேஸ் அடுப்பில், குளிர்காலத்தில் ராத்திரியானால் ஹீட்டிங் அணைந்துவிடும் ஃபிளாட்டில் இதை எப்படிச் செய்வது என்று ஒரே இடத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கி, தேவையில்லாததற்கெல்லாம் பணம் கொடுத்துத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். புதிதாக ஆரம்பிப்பவர்கள் அந்த அலைச்சல் இல்லாமல் முதல் பாட்டிலைத் திறக்க வேண்டும் என்பதுதான் ஆசை.

ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெல்ஜியன் பிளாண்டில் ருசியைக் கொடுப்பது ஈஸ்ட். மால்ட்டும் (முளைகட்டி உலர்த்திய பார்லி போன்ற தானியம்) ஹாப்ஸும் (கசப்பும் மணமும் தரும் பூ) பின்னால் நிற்கும். பேரிக்காய், ஆரஞ்சுத் தோல், லேசான கிராம்பு, மிளகு என்று நாக்கில் வருவதெல்லாம் ஈஸ்ட் போடும் வாசனை. அதனால் எதில் சிக்கனம் பிடித்தாலும் ஈஸ்ட்டிலும், அது இருக்கும் வெப்பநிலையிலும் பிடிக்காதீர்கள்.

1. எந்த பீர் என்று முதலில் தெளிவாகுங்கள்

‘பிளாண்ட் ஏல்’ என்று பெயர் போட்டு ஆங்கிலேய, அமெரிக்க வகைகளும் உண்டு. அவை 4, 5 சதவீத ஆல்கஹால் உள்ள மென்மையான பீர்கள். நாம் காய்ச்சப்போவது வேறு. பெல்ஜியன் பிளாண்ட் 6 முதல் 7.5 சதவீதம் வரை போகும்; நிறம் வெளிர் தங்கம்; கசப்பு குறைவு; வாயில் லேசான இனிப்பு தட்டினாலும் முடிவில் வறண்டு நிற்கும்; நுரை வெள்ளையாக, அடர்த்தியாக இருக்கும். கடையில் ரெசிபி கிட் வாங்குபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பெட்டியில் ‘பிளாண்ட்’ என்று இருந்தால் போதாது. உள்ளே வரும் ஈஸ்ட் பெல்ஜிய அபே (மடாலய பீர்) வகையா என்று பாருங்கள்.

காய்ச்சும் முன்பு லெஃப் பிளாண்ட், அஃப்லிகெம் பிளாண்ட் இரண்டையும் வாங்கிக் குடித்துப் பாருங்கள். லெஃப் 6.6 சதவீதம், பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் கிடைக்கும். எங்கே போய்ச் சேரவேண்டும் என்று நாக்குக்குத் தெரிந்தால்தான் நம் பீர் எங்கே விலகியது என்று பிறகு சொல்ல முடியும். காலி பாட்டில்களை எறியாதீர்கள், தேவைப்படும்.

2. சட்டமும் காகிதமும்

பிரிட்டனில் சொந்தக் குடும்பத் தேவைக்கு பீர் காய்ச்ச லைசென்ஸ் வேண்டாம், வரியும் இல்லை. விற்கக் கூடாது. நண்பருக்கு ஒரு பாட்டில் கொடுக்கலாம். அதற்குக் காசு வாங்கினால் கதை மாறிவிடும். வடித்துச் சாராயமாக்குவது லைசென்ஸ் இல்லாமல் குற்றம், அந்தப் பக்கமே போக வேண்டாம். தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு: அங்கே மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதே குற்றம், இந்த வழிகாட்டி அங்கே பயன்படாது. அமெரிக்காவில் பெரியவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு வருடம் 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன் என்பது மத்திய அரசு வரம்பு. மற்ற நாடுகளில் இருப்பவர்கள் உள்ளூர் விதியைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

அரசாங்கக் காகிதம் எதுவும் வேண்டாம்தான். ஆனால் நீங்களே எழுதவேண்டிய காகிதம் ஒன்று உண்டு. ஒரு நோட்டு வாங்கி, காய்ச்சும் தேதி, தண்ணீர் எத்தனை லிட்டர், ஒவ்வொரு கட்டத்திலும் வெப்பநிலை, கிராவிட்டி அளவுகள் (எவ்வளவு சர்க்கரை கரைந்திருக்கிறது என்று காட்டும் அடர்த்தி எண்), ஈஸ்ட் பாக்கெட்டின் காலாவதித் தேதி, ஹாப்ஸ் பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் ஆல்ஃபா ஆசிட் (கசப்பு தரும் பொருள்) சதவீதம் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். எட்டு வாரம் கழித்து பாட்டிலைத் திறக்கும்போது, அன்றைக்கு என்ன செய்தோம் என்று ஞாபகத்தில் ஒன்றும் இருக்காது.

3. சாமான்களும் செலவும்

முதல் தடவைக்கு 10 லிட்டர் போதும். 20 லிட்டருக்கு மேல் வீட்டு அடுப்பு தாங்காது, தூக்கவும் முடியாது. பையில் மால்ட்டைப் போட்டு ஒரே பாத்திரத்தில் காய்ச்சும் முறையில் தேவைப்படுபவை இவை. விலைகள் தோராயமானவை, கடைக்குக் கடை மாறும்.

20 லிட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாத்திரம், மூடியோடு 40 முதல் 50 பவுண்டு. பிரியாணி அண்டா வீட்டில் இருந்தால் அதுவே போதும். ஆனால் எண்ணெய்ப் பிசுக்கும் மசாலா வாசனையும் துளிகூட இல்லாமல் தேய்க்க வேண்டும். எண்ணெய் பட்டால் நுரை நிற்காது. அப்புறம் பாத்திரத்தின் வாய்க்குப் பொருந்தும் நைலான் அல்லது பாலியஸ்டர் வலைப்பை 6, 7 பவுண்டு. மூடியில் ஏர்லாக் (உள்ளே உண்டாகும் வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு) பொருத்திய 15 லிட்டர் வாளி 12 பவுண்டு. அடியில் குழாய் வைத்த இன்னொரு வாளி 12 பவுண்டு, பாட்டிலில் அடைக்கும் நாளுக்கு. டிஜிட்டல் தெர்மாமீட்டர் 10, கிராவிட்டி அளக்கும் ஹைட்ரோமீட்டரும் அதற்கான குழலும் சேர்த்து 10, ஒரு வாளியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற சைஃபன் ட்யூப் 8, பாட்டில் மூடி அழுத்தும் கருவி 15, சோடா மூடிகள் 3, சானிட்டைசர் 8, வாளியைச் சுற்றிக் கட்டும் ஹீட் பெல்ட் 20. எல்லாம் புதிதாக வாங்கினால் 150 பவுண்டு பக்கத்தில் வரும்.

பழைய சாமான் விற்கும் தளங்களில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. பாத்திரம், மூடி அழுத்தும் கருவி இதெல்லாம் பழையதாக வாங்கலாம். பிளாஸ்டிக் வாளியையும் ட்யூப்பையும் மட்டும் புதிதாக வாங்குங்கள். பழைய பிளாஸ்டிக்கில் உள்ள கீறல்களில் கிருமி ஒளிந்திருக்கும், எதைப் போட்டாலும் போகாது.

கருவி வந்ததும் ஒரு ஒத்திகை பாருங்கள். உங்கள் அடுப்பில் 14 லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறதா, எவ்வளவு நேரத்தில், ஒரு மணி நேரத்தில் எத்தனை லிட்டர் ஆவியாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடித்தள மின்னடுப்பு பலவற்றில் 14 லிட்டர் முனகுமே தவிரக் கொதிக்காது. அப்படியானால் எல்லா அளவையும் பாதியாக்கி 5 லிட்டர் காய்ச்சுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பென்றால் பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

4. ரெசிபி

10 லிட்டருக்கு:

பில்ஸ்னர் மால்ட் 2.3 கிலோ
லைட் மியூனிக் மால்ட் 150 கிராம்
கோதுமை மால்ட் 100 கிராம்
வெள்ளைச் சர்க்கரை 250 கிராம்
ஸ்டிரியன் கோல்டிங்ஸ் ஹாப்ஸ் 25 கிராம், 60 நிமிடம் கொதிக்க
சாஸ் ஹாப்ஸ் 10 கிராம், கடைசி 15 நிமிடம்
லாலெமண்ட் அபே ஈஸ்ட் 11 கிராம் பாக்கெட் ஒன்று, அல்லது சாஃபேல் பிஇ-256 ஒன்று

மால்ட் ஆர்டர் செய்யும்போது ‘அரைத்தது’ என்பதைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். முழுசாக வந்தால் வீட்டு மிக்ஸியில் போட்டு மாவாக்கத் தோன்றும், செய்யாதீர்கள். உமி உடையாமல் உள்ளே உள்ள தானியம் மட்டும் நொறுங்கியிருக்க வேண்டும்.

25 கிராம் ஸ்டிரியன் கோல்டிங்ஸ் என்பது ஆல்ஃபா ஆசிட் 4 சதவீதம் என்று வைத்துப் போட்ட கணக்கு. பாக்கெட்டில் 5 என்று இருந்தால் 20 கிராம் போதும். நூறை அந்த எண்ணால் வகுத்தால் உங்களுக்கு வேண்டிய கிராம். ஹாப்ஸ் பெரும்பாலும் 100 கிராம் பாக்கெட்டாகத்தான் வரும்; மிச்சத்தைக் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் போடுங்கள், அடுத்த தடவைக்கு ஆகும்.

சர்க்கரை பற்றிப் பயமுறுத்துவார்கள். பீரில் சர்க்கரையா, மட்டமாகிவிடும் என்பார்கள். பெல்ஜியத்தில் அது வழக்கமே. சர்க்கரை முழுசாகப் புளித்துவிடுவதால் பீர் கனக்காமல் வறண்டு முடியும், அதுதான் இந்த வகைக்கு அழகு. ‘பெல்ஜியன் கேண்டி சுகர்’ என்று வெள்ளைக் கட்டிகளாக விற்பதைப் பார்ப்பீர்கள். அது நம் கற்கண்டுதான், விலை மட்டும் பல மடங்கு. சாதாரண டேபிள் சுகர் போதும். நாட்டுச் சர்க்கரையோ கருப்பட்டியோ போட்டால் நிறமும் ருசியும் வேறு பக்கம் போய்விடும். மல்லி விதை, ஏலக்காய் சேர்க்கலாமா என்றும் நம்மவர்கள் கேட்பார்கள். மல்லி விதை விட்பியர் என்ற பெல்ஜியக் கோதுமை பீருக்கு உரியது. முதல் பிளாண்டில் எதுவும் சேர்க்காமல் ஈஸ்ட் என்ன தருகிறது என்று பாருங்கள்.

பொருட்செலவு: மால்ட் 7, ஹாப்ஸ் இரண்டு பாக்கெட் 10, ஈஸ்ட் 5, தண்ணீரும் மற்றதும் 5. முதல் தடவை 27 பவுண்டு, ஹாப்ஸ் மிச்சமிருப்பதால் அடுத்த தடவை 20க்குள். 500 மில்லி பாட்டில் 18, 19 கிடைக்கும்.

அமெரிக்க ரெசிபியை எடுத்துச் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அவர்கள் 5 கேலன் 19 லிட்டர், இங்கே வாளியில் அச்சிட்டிருக்கும் 5 கேலன் 23 லிட்டர். வித்தியாசம் தெரியாமல் மேல்கோடு வரை தண்ணீர் ஊற்றினால் பீர் நீர்த்துவிடும். லிட்டரிலேயே இருங்கள்.

5. தண்ணீர்: லண்டனில் இதுதான் பெரிய பொறி

கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதல்லவா, அந்தச் சுண்ணாம்புதான் எதிரி. லண்டன் தண்ணீர் கடினமானது, காரத்தன்மை அதிகம். கறுத்த மால்ட் நிறைய போடும் ஸ்டவுட்டுக்கு அது ஒத்துப்போகும், ஏனென்றால் வறுத்த மால்ட்டின் அமிலம் அதை ஈடுகட்டிவிடும். வெளிர் மால்ட் மட்டும் போடும் பிளாண்டில் ஈடுகட்ட ஒன்றும் இல்லை. பிஹெச் ஏறி, உமியிலிருந்து துவர்ப்பு இறங்கி, கொதித்த டீத்தூளைச் சப்பியது போன்ற பின்ருசி வரும். ரெசிபியைக் குறைசொல்லிக்கொண்டு பலர் இங்கேயே கைவிட்டுவிடுகிறார்கள்.

எளிய தீர்வு, பாட்டில் தண்ணீர். டெஸ்கோவின் ஆஷ்பெக் தண்ணீர் உப்புகள் மிகக் குறைந்தது, இங்கே வீட்டில் காய்ச்சுபவர்கள் பலரும் அதைத்தான் வாங்குகிறார்கள். 5 லிட்டர் பாட்டில் நான்கு எடுங்கள். 16 லிட்டர் காய்ச்ச, மீதி சானிட்டைசருக்கு. 16 லிட்டரில் 3 கிராம் கால்சியம் குளோரைடு கலக்குங்கள்; ஈஸ்ட்டுக்குக் கால்சியம் வேண்டும், பீருக்கும் கொஞ்சம் உடம்பு வரும். உணவுத் தரத்தில் உள்ளதை ஹோம்ப்ரூ கடையிலேயே வாங்குங்கள்.

கொஞ்சம் குழாய்த் தண்ணீர் கலந்தே ஆகவேண்டும் என்றால் கால் மாத்திரை கேம்டன் பொடித்துப் போட்டு ஐந்து நிமிடம் விடுங்கள், குளோரின் போய்விடும். போகாவிட்டால் மருந்துக்கடை வாசனை பீரில் வரும். வீட்டில் வாட்டர் சாஃப்ட்னர் இருந்தால் அந்தத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். சுண்ணாம்புக்குப் பதில் சோடியம் ஏறியிருக்கும், காரத்தன்மை அப்படியே இருக்கும்.

6. காய்ச்சும் நாள்: ஐந்து, ஆறு மணி நேரம்

ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுசாக ஒதுக்குங்கள். குழந்தைகள் அடுப்புப் பக்கம் வராத நேரமாக இருக்கட்டும். 14 லிட்டர் கொதிநீரைத் தூக்கிக்கொண்டு நடக்கும் வேலை எந்தக் கட்டத்திலும் வரக் கூடாது.

16 லிட்டர் தண்ணீரை 68 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குங்கள். அடுப்பை அணைத்து, பையைப் பாத்திரத்துக்குள் விரித்து, மால்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கட்டியில்லாமல் கிளறுங்கள். வெப்பநிலை 65 டிகிரியில் வந்து நிற்கும். மூடிபோட்டு, பழைய கம்பளியைச் சுற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். பாதியில் ஒருமுறை கிளறினால் போதும். 63க்கு இறங்கினாலும் கவலையில்லை. 70ஐத் தாண்டினால்தான் சிக்கல். புளிக்காத சர்க்கரை மிச்சமாகி பீர் திகட்டும். அடுப்பை மறுபடி ஏற்றினால் பை அடியில் ஒட்டி உருகும், அதனால் பையை உயர்த்திப் பிடித்துக்கொண்டுதான் ஏற்ற வேண்டும்.

ஒரு மணி நேரம் கழித்துப் பையைத் தூக்கி, மேலே ஒரு சல்லடையில் வைத்து வடிய விடுங்கள். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு நன்றாகவே பிழியலாம். கிட்டத்தட்ட 14 லிட்டர் இனிப்புச் சாறு கிடைக்கும், இதற்குப் பெயர் வோர்ட். ஒரு குழல் எடுத்து 20 டிகிரிக்கு ஆறவைத்து ஹைட்ரோமீட்டரில் பாருங்கள். 1.043 பக்கத்தில் இருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது பார்த்தால் குறைவாகத்தான் காட்டும், நம்பாதீர்கள். உண்மையிலேயே குறைந்திருந்தால் உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் 100 கிராம் கலந்தால் இரண்டு மூன்று புள்ளி (0.002, 0.003) ஏறும்.

இனி கொதிக்க வைப்பது. கொதி வரும் நேரத்தில் ஒரு நிமிடம்கூட நகராதீர்கள், பால் மாதிரிப் பொங்கி அடுப்பெல்லாம் பிசினாகிவிடும். பொங்கி அடங்கியதும் 25 கிராம் ஸ்டிரியன் கோல்டிங்ஸைப் போட்டு 60 நிமிடம் எண்ணத் தொடங்குங்கள். மூடி போடவே கூடாது. பில்ஸ்னர் மால்ட்டிலிருந்து வேகவைத்த சோள வாசனை ஒன்று வரும். திறந்து கொதித்தால்தான் அது ஆவியோடு போகும். 45ஆவது நிமிடம் சாஸ் ஹாப்ஸ். 50ஆவது நிமிடம் அடுப்பைக் குறைத்துச் சர்க்கரையைத் தூவி, கரையும்வரை கிளறுங்கள், இல்லையென்றால் அடியில் தீயும். பீர் தெளிய வேண்டுமென்றால் அதே நேரத்தில் கால் மாத்திரை புரோட்டாஃப்ளாக் போடலாம். அது கடற்பாசியிலிருந்து எடுப்பது. கடையில் தெளிவிப்பான் என்று விற்கும் ஐசிங்கிளாஸ் மீனிலிருந்தும் ஜெலட்டின் விலங்கிலிருந்தும் வருபவை, சைவர்கள் கவனியுங்கள்.

7. சுத்தம், ஆற வைத்தல், ஈஸ்ட்

கொதித்து இறங்கிய நிமிடத்திலிருந்து வோர்ட்டைத் தொடும் எல்லாமே சானிட்டைசரில் நனைந்திருக்க வேண்டும்: வாளி, மூடி, ஏர்லாக், கரண்டி, தெர்மாமீட்டர், ஈஸ்ட் பாக்கெட்டை வெட்டும் கத்தரிக்கோல் உட்பட. கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. முதலில் அழுக்கு போகத் தேய்த்துக் கழுவ வேண்டும், பிறகுதான் சானிட்டைசர். ஸ்டார் சான் என்றால் லிட்டருக்கு 1.5 மில்லி. லண்டன் குழாய்த் தண்ணீரில் கலந்தால் உடனே பால்போலக் கலங்கும், சுண்ணாம்பு அதன் அமிலத்தைத் தின்றுவிடுகிறது என்று அர்த்தம். மீதமிருக்கும் ஆஷ்பெக்கில் கலந்தால் தெளிவாக இருக்கும், ஸ்பிரே பாட்டிலில் வாரக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். அதன் நுரையைக் கழுவ வேண்டாம், அது பீருக்குக் கெடுதல் செய்யாது.

ஆற வைக்க, பாத்திரத்தை மூடி சிங்க்கில் குளிர்ந்த தண்ணீரில் இறக்குங்கள். இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி, கடைசியில் ஐஸ். கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்காதீர்கள்; முதலில் அடுப்பிலேயே ஒரு மணி நேரம் மூடி வைத்துச் சூடு கொஞ்சம் தணிந்தபின் இரண்டு பேராகப் பிடியுங்கள். 18 டிகிரிக்கு வந்ததும் வாளிக்கு மாற்றுங்கள். அடியில் இருக்கும் வண்டல் ஒரு லிட்டரை விட்டுவிடலாம். உயரத்திலிருந்து சலசலவென்று ஊற்றுங்கள். ஈஸ்ட்டுக்கு இப்போது காற்று வேண்டும். பீருக்குக் காற்று நல்லது என்பது இந்த ஒரு நேரத்தில் மட்டும்தான்.

ஹைட்ரோமீட்டரில் 1.060 முதல் 1.065 வரை காட்டினால் சரியாக இருக்கிறீர்கள். நோட்டில் எழுதுங்கள். ஈஸ்ட் பாக்கெட்டை முழுசாக மேலே தூவி மூடுங்கள். பாதி பாக்கெட் போதுமே என்று மிச்சம் பிடிக்க வேண்டாம்.

8. நொதிக்கும் வாரங்கள்

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இந்தப் பகுதியைத்தான். முதல் இரண்டு நாள் 18, 19 டிகிரி. மூன்றாம் நாளிலிருந்து தினம் ஒரு டிகிரியாக 23 வரை ஏற்றி, முடியும்வரை அங்கேயே வைத்திருங்கள். ஆரம்பத்திலேயே 25, 26 என்றால் நெயில் பாலிஷ் போன்ற வாடையும் தலைவலி கொடுக்கும் காட்டமும் வரும். அதற்கு நேர்மாறாக, நடுவில் குளிர்ந்து 17க்கு இறங்கினால் ஈஸ்ட் தூங்கிவிடும், கிராவிட்டி 1.020இல் நின்று நகராது. லண்டன் குளிர்காலத்தில் நடப்பது இதுதான். பகலில் 20, ராத்திரி ஹீட்டிங் அணைந்ததும் 15.

வாளிக்குள் இருக்கும் வெப்பநிலை அறையைவிட இரண்டு மூன்று டிகிரி கூட இருக்கும், ஈஸ்ட் வேலை செய்யும்போது சூடு உண்டாகும். எனவே தெர்மாமீட்டர் முனையை வாளியின் பக்கத்தில் ஒட்டி, மேலே ஒரு ஸ்பாஞ்ச் வைத்துக் கட்டி அளக்க வேண்டும். ஹீட் பெல்ட்டோடு ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலர் வாங்கினால் 30 பவுண்டு கூடுதல் செலவுதான், ஆனால் இரவில் நிம்மதியாகத் தூங்கலாம். இட்லி மாவைப் புளிக்க வைக்கும் பாய்லர் அலமாரியும் உதவும், ஆனால் அங்கே எத்தனை டிகிரி என்று ஒருநாள் முழுக்க அளந்துவிட்டு வையுங்கள். கோடையில் எதிர்ப்பிரச்சினை, தண்ணீர்த் தொட்டியில் வாளியை இறக்கி ஈரத்துண்டு போர்த்துங்கள்.

மறுநாளே ஏர்லாக் படபடக்கும், நுரை மேலேறும். பெல்ஜிய ஈஸ்ட் ஆவேசமாக நுரைக்கும், அதற்குத்தான் 10 லிட்டருக்கு 15 லிட்டர் வாளி. அழுகிய முட்டை வாடை இரண்டு நாள் வரலாம், தானே போய்விடும். ஆர்வத்தில் மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள்.

ஏர்லாக் நின்றதால் வேலை முடிந்தது என்று அர்த்தமில்லை. மூடி சரியாக அடையாமல் போனாலும் நிற்கும். பன்னிரண்டாம் நாள் கிராவிட்டி பாருங்கள், மூன்று நாள் கழித்து மறுபடி பாருங்கள். இரண்டும் ஒன்றாக, 1.009க்கும் 1.013க்கும் நடுவில் இருந்தால் முடிந்தது. தொடக்க அளவிலிருந்து இறுதி அளவைக் கழித்து 131ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம். 1.064 தொடங்கி 1.011இல் முடிந்தால் கிட்டத்தட்ட 7. ரிஃப்ராக்டோமீட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க: ஆல்கஹால் வந்தபின் அது நேரடியாகக் காட்டும் எண் தவறு, இங்கே ஹைட்ரோமீட்டர்தான்.

9. பாட்டிலில் அடைத்தல்: பாதுகாப்பு முக்கியம்

முழுசாகப் புளிக்காத பீரை அடைத்தால் பாட்டில் வெடிக்கும். கண்ணாடிச் சில்லு சுவரில் குத்தும் அளவுக்கு வேகம் இருக்கும். அதனால் மேலே சொன்ன இரண்டு அளவுகளும் ஒன்றாகாமல் இந்தக் கட்டத்துக்கு வராதீர்கள்.

பழுப்புக் கண்ணாடி, சோடா மூடி வகை பாட்டில்கள் மட்டும். திருகு மூடி பாட்டில் அழுத்தம் தாங்காது. வெள்ளை, பச்சைக் கண்ணாடியில் வெளிச்சம் பட்டு வாடை வரும். டுவெல் என்ற பெல்ஜிய பீரின் பாட்டில் தடிமனானது, கிடைத்தால் விடாதீர்கள். மூடியில் 26, 29 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவு உண்டு. பெல்ஜியப் பெரிய பாட்டில்கள் சிலவற்றுக்கு 29 வேண்டும், உங்கள் கருவி பெரும்பாலும் 26க்குத்தான். வாயை அளந்துவிட்டுச் சேர்த்து வையுங்கள்.

லிட்டருக்கு 7 கிராம் சர்க்கரை. 9.5 லிட்டர் பீர் இருந்தால் 66 கிராம். தராசில் நிறுத்துப் போடுங்கள், ஸ்பூன் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். 100 மில்லி தண்ணீரில் கொதிக்க வைத்து, குழாய் வைத்த வாளியில் ஊற்றி, அதன் மேல் பீரை ட்யூப் வழியாகச் சத்தமில்லாமல் இறக்குங்கள். ட்யூப் முனை அடியில் இருக்கட்டும், சலசலக்கக் கூடாது. இப்போது காற்று பட்டால் நனைந்த அட்டைப்பெட்டி ருசி வரும். மெதுவாக ஒருமுறை கிளறி, கழுத்தில் இரண்டு விரல் இடம் விட்டு நிரப்பி மூடுங்கள்.

ஒரே ஒரு சின்னப் பிளாஸ்டிக் சோடா பாட்டிலிலும் நிரப்புங்கள். அமுக்கிப் பார்த்தால் கல்போல இறுகும்போது மற்றவற்றிலும் கேஸ் ஏறிவிட்டது என்று திறக்காமலே தெரிந்துகொள்ளலாம். பாட்டில்களை மூடியுள்ள பெட்டிக்குள் வையுங்கள்.

10. காத்திருப்பும் ஊற்றுவதும்

இரண்டு வாரம் 20 முதல் 22 டிகிரியில். அப்புறம் ஒரு மாதம் குளிர்ந்த, இருட்டான மூலையில். இரண்டாம் வாரமே ஒன்றைத் திறந்தால் குடிக்கலாம், ஆனால் காட்டமாக, பிரிபிரியாக இருக்கும். ஒரு மாதத்துக்குப் பின் அது ஒன்றுசேர்ந்துவிடும். மொத்தக் கணக்கு எட்டு, ஒன்பது வாரம். கிறிஸ்துமஸுக்கு மேசையில் வைக்க வேண்டுமென்றால் அக்டோபர் நடுவில் காய்ச்சியாக வேண்டும். பொங்கலுக்கு என்றால் நவம்பர் முதல் வாரம்.

குடிக்கும் முன் இரண்டு நாள் ஃபிரிட்ஜில் நிற்க வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். வாய் அகன்ற கிளாஸைச் சாய்த்து ஒரே சீராக ஊற்றி, அடியில் ஒரு விரலளவு ஈஸ்ட் படிவை பாட்டிலிலேயே விடுங்கள். 7 சதவீதத்தில் 500 மில்லி என்றால் 3.5 யூனிட் (ஒரு யூனிட் என்பது 10 மில்லி சுத்த ஆல்கஹால்). பிரிட்டனில் வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள், அதாவது வாரம் முழுவதற்கும் நான்கு பாட்டில். ஒரு பாட்டில் குடித்தாலும் கார் சாவியைத் தொடாதீர்கள். ஊருக்குப் போகும்போது சூட்கேஸில் கொண்டுபோகும் எண்ணமும் வேண்டாம். உயிருள்ள ஈஸ்ட் இருக்கும் பாட்டில், வெயிலில் நின்றால் அழுத்தம் ஏறும்.

பாட்டிலில் அடைத்த நாளன்று வாளி அடியில் இருந்த ஈஸ்ட் சேற்றைக் கொட்டிவிடாதீர்கள். சானிட்டைசரில் நனைத்த ஜாடியில் எடுத்து, மூடியை இறுக்காமல் ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரத்துக்குள் அடுத்த காய்ச்சலுக்குப் பயன்படுத்தலாம். ஈஸ்ட் பாக்கெட் செலவு 5 பவுண்டு மிச்சம். ஜாடியின் மேல் தேதி எழுதி ஒட்டிவிடுங்கள், வீட்டில் வேறு யாராவது மோர் என்று எடுத்துவிடக் கூடாது.